முதுகுக் கடன்

"சாவு வீட்டுக்குக்கூட இப்படிக் கெஞ்சிக் கூப்பிடமாட்டாங்கடி. நாளைக்கு ஒரே ஒரு நாள், உன் தங்கச்சிக்காக வந்துட்டுப் போ" என்றாள் ருக்கியா.

மூத்த மகள் கிஸ்லான் அடுப்பின் வாயில் இன்னொரு ஆலிவ் விறகைச் செருகினாள்.

நாளை இளையவள் ஷாமாவுக்குக் கல்யாணக் குளியல். தெருப் பெண்கள் மெழுகுவத்தி ஏந்தி, பாடிக்கொண்டே அவளைத் தெரு ஹம்மாமுக்கு, அந்தப் பொது ஆவிக் குளியல்கூடத்துக்கு, அழைத்துப் போவார்கள். தலையில் முதல் கிண்ணம் வெந்நீரை அக்காதான் ஊற்ற வேண்டும். அந்த அக்கா, புகுந்த வீடான இந்த வீட்டிலேயே ஒரு ஹம்மாம் கட்டியதிலிருந்து அங்கே படி மிதிக்கவில்லை.

"எனக்குத்தான் வீட்டுலயே எல்லாம் இருக்கே யம்மா."

"இருக்கு, இருக்கு. தெருவுல என்ன பேசறாங்க தெரியுமா? சீமாட்டிக்கு நம்ம தண்ணி நாறுதாம். வாளியைத் தூக்கிட்டு வர்றவ ஒவ்வொருத்தியும் 'உன் மூத்தவ எங்க?'ன்னு கேக்கறா. நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் உள்ள போறது?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"ரெண்டு வருஷமாவா? அப்ப இன்னும் ஏன் கப்ரு தோண்டலைன்னு கேப்பாளுங்க."

கிஸ்லான் சிரிக்கவில்லை. "சூடு ஏறிடுச்சு. வா, உனக்குத் தேய்ச்சு விடறேன்" என்று அம்மாவை உள்ளே அழைத்துப்போனாள்.

மருமகன் இத்ரீஸ் கட்டிக்கொடுத்த ஹம்மாம் அது. மனம் எவ்வளவு கனத்திருந்தாலும் ருக்கியாவால் அதன் வேலைப்பாட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளியே எரியும் நெருப்பு செப்புத் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதன் புகையும் வீணாவதில்லை. தரைக்கு அடியில் ஓடி, சுவருக்குள் பதித்த குழாய் வழியாகக் கூரைக்கு ஏறும். அதனால்தான் தரை எப்போதும் உள்ளங்கால் பொறுக்கும் சூட்டிலேயே இருந்தது. சுண்ணாம்புச் சுவரைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, கறுப்புச் சோப்பால் மெருகேற்றியிருந்தார்கள். ஆவி உள்ளே இறங்க வழியில்லாமல் முத்து முத்தாக வழிந்தது. பொண்டாட்டிக்கு இவ்வளவு செய்கிற ஆண்பிள்ளை ஃபெஸ் நகரத்தில் எத்தனை பேர்? அதை நினைத்துத்தான் ஷாமாவையும் இதே வீட்டுக்கு, இத்ரீஸின் தம்பி ஜவாதுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தாள்.

கிஸ்லான் அம்மாவின் உடம்பெங்கும் சோப்பைத் தடவி, தோல் ஊறும்வரை காத்திருந்தாள். பிறகு துளி மிச்சமில்லாமல் கழுவினாள். வழுவழுப்பு இருந்தால் தேய்க்கிற கையுறை சறுக்கும், அழுக்குக் கிளம்பாது. சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு, தோளிலிருந்து இடுப்புவரை நீளமாக இழுத்தாள். சாம்பல் நிறத் திரிகளாக அழுக்கு உருண்டு விழுந்தது. ருக்கியாவின் எலும்பெல்லாம் இளகிப் போயிற்று. ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது மகள் முழுக்கைச் சட்டையோடு நிற்பது தெரிந்தது.

"இந்த ஆவியில சட்டையோட நிக்கிறியே, வேகலையா?"

"பழகிடுச்சு."

"சரி, கையுறையைக் கொடு. திரும்பு. இப்ப உன் முறை."

"வேண்டாம் யம்மா."

ருக்கியா நீட்டிய கை அப்படியே நின்றது. குளிக்கிறவளுக்குத் தன் கை எட்டாத ஒரே இடம் முதுகு. ஹம்மாமில் ஒருத்தி உன் முதுகைத் தேய்த்தால், முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் அவள் முதுகை நீ தேய்த்தாக வேண்டும். வேண்டாம் என்பது, உன் கை என்மேல் படக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்வது.

"அப்ப தெருவுல பேசினது நிஜம்தானா? பெத்தவ கைகூட உனக்கு அசிங்கமாப் போச்சா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"இல்லைன்னா சட்டையைக் கழட்டு."

"முடியாது யம்மா. கேக்காத."

ருக்கியா சூடான தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனிக் கெஞ்ச வார்த்தை இல்லை. நாளை அந்த முதல் கிண்ணத்தை யாரோ ஒருத்தி ஊற்றுவாள். ஷாமா கூட்டத்தில் அக்காவைத் தேடுவாள். கல்யாணம் முடிந்ததும் அவளும் இந்த வாசலுக்குள் நுழைந்து இப்படியே மாறிப்போவாள்.

"போடி. எனக்கு ஒரு பொண்ணு செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்" என்றாள். ஆற்றாமையில், பக்கத்திலிருந்த கிண்ணத்துத் தண்ணீரை மகள் மேல் வீசினாள்.

கிஸ்லான் சட்டென்று திரும்பிக்கொண்டாள். நனைந்த வெள்ளைத் துணி முதுகோடு ஒட்டியது. அடியில் பட்டை பட்டையாக என்னவோ தெரிந்தது.

ருக்கியா எழுந்து போய்ச் சட்டையைத் தூக்கினாள். மகள் தடுக்கவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் விழுந்த தடங்கள். மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தவை, நீலம் பாரித்தவை, இன்று காலையில் விழுந்த சிவப்பு.

"அங்க வந்தா எல்லாரும் பாத்துடுவாங்க யம்மா" என்றாள் கிஸ்லான். "அதுக்காகத்தான் இதைக் கட்டினாரு."

ருக்கியா தூக்கிய சட்டை நுனியைப் பிடித்தபடியே நின்றாள். அப்போது கதவுக்கு வெளியே மூச்சிரைக்க ஓடிவந்த ஷாமாவின் குரல் கேட்டது.

"யம்மா, உள்ளயா இருக்க? சேதி தெரியுமா? நாளைக்கு நான் தெரு ஹம்மாமுக்குப் போறதுதான் கடைசியாம், மாடியில எனக்கும் ஒண்ணு கட்ட ஜவாத் கொத்தனாரை வரச்சொல்லிட்டாரு!"