பிளெக்ஸில் போட ஒரு பேர்

"புடிச்சிட்டேன் தம்பி, புடிச்சிட்டேன்! வண்டிய எடு!"

பிளெக்ஸ் கடை சிதம்பரநாதன் போட்ட சத்தத்தில், பக்கத்து மொபைல் கடை ரிஃபாய் கையிலிருந்த சிம் கார்டைக் கீழே போட்டுவிட்டான்.

"யாரைண்ணே?"

"பிள்ளை கடத்துறவனை! அங்க பாரு!"

எதிர்ப்பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரரும் அவர் மனைவியும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, ரெட்டைச்சடை போட்ட ஒரு கறுப்புக் குட்டி. அஞ்சு வயசிருக்கும்.

"காரைக்காலுக்கு வெள்ளைக்காரன் என்ன புதுசாண்ணே?"

"அவன் புதுசில்ல. நடுவுல இருக்கு பாரு, நம்ம ஊரு ஜாடை, அது எப்படி அங்க போச்சு?"

சிதம்பரநாதன் சும்மா சொல்பவர் இல்லை. 'பிள்ளை பிடிக்கும் வெளிநாட்டுக் கும்பல்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் போன வாரம்தான் நூற்றுப் பதினாலு பேருக்கு அனுப்பியிருந்தார். ஊருக்குள் யார் தப்பு செய்தாலும் பேரைப் பெரிசாகப் போட்டு பிளெக்ஸ் அடித்து மாட்டணும் என்பது அவர் கொள்கை. வேலி தாண்டிய பூசணிக்கொடி மாதிரி மீசை வேறு.

ஸ்கூட்டர் உருண்டது. ரிஃபாய் ஓட்ட, பின்னால் சிதம்பரநாதன் ஒரு தண்ணி கேன் விளம்பரத் தட்டியை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார். தட்டிக்கு ரெண்டு பக்கமும் மீசை தெரிந்தது.

"நீங்களும் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க எழுதிப் போட்டீங்களே, என்னண்ணே ஆச்சு?"

"மூணு வருஷமா வரிசையில நிக்கிறேன். நடுவுல ஒண்ணு வந்துது, சரிப்படல. அதை விடு, ரோட்டப் பாரு!"

ஐஸ்கிரீம் கடையில் மூவரும் நின்றார்கள். ஸ்கூட்டரும் நின்றது.

"தம்பி, பிள்ளை காதப் பாத்தியா? பின்னாடி என்னமோ மாட்டியிருக்கான். டிராக்கர்! எங்க ஓடினாலும் போன்ல தெரிஞ்சிரும்."

"பாட்டு கேக்குற மெஷினா இருக்கும்ணே."

"ஐஸ்கிரீம் திங்கிறப்ப எவன்டா பாட்டு கேப்பான்?"

அதற்குள் வெள்ளைக்காரர் விரல்களை மடக்கி விரித்து என்னமோ காட்டினார். பிள்ளையும் விரலை ஆட்டியது. அந்தம்மாவும் ஆட்டினாள்.

"சிக்னல்! வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுறானுங்களா பாரு!"

பிள்ளை திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தது. ரெண்டு ஆள்காட்டி விரலையும் மூக்கடியிலிருந்து காதுவரை இழுத்துக் காட்டியது. வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"போச்சு! என்னைக் காட்டிக் குடுத்துட்டா!"

அடுத்து அவர்கள் நுழைந்த கட்டடத்தின் போர்டைப் படித்து ரிஃபாய் பிரேக் போட்டான்.

"அண்ணே, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம். கடத்துறவன் இங்க எதுக்குண்ணே வர்றான்?"

"உள்ளயும் ஆள் வெச்சிருக்கான்!"

தட்டியோடு உள்ளே பாய்ந்தார். அதிகாரி ஷரீபுன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், அந்தப் பிள்ளையை விடச் சொல்லுங்க! காதுல டிராக்கர் மாட்டியிருக்கானுங்க!"

"காது கேக்குற மெஷின் சார் அது. பிள்ளைக்குப் பொறந்ததுலேருந்து காது சரியாக் கேக்காது. இவங்க ஒரு வருஷமா சைகை மொழி படிச்சிட்டு வந்திருக்காங்க. தத்து குடுக்க கலெக்டர் ஆர்டர் போட்டாச்சு. நாளைக்கு பிளைட்."

பிள்ளை மறுபடி மூக்கடியிலிருந்து காதுவரை விரலை இழுத்தது.

"அது என்ன மேடம் சிக்னல்?"

"உங்களுக்குப் பேர் வெச்சிருக்கா. மீசை மாமா."

ரிஃபாய் சிரிப்பை அடக்க வெளியே போனான். சிதம்பரநாதன் அசரவில்லை.

"சட்டப்படின்னே வெச்சுக்கிட்டாலும் நியாயமா மேடம்? நானும் என் பொஞ்சாதியும் மூணு வருஷமா ஒரு பிள்ளைக்குக் காத்துக் கெடக்கோம். போன் அடிச்சா அவ அடுப்ப விட்டுட்டு ஓடி வர்றா. எங்களுக்கு இல்லாத பிள்ளை பாரிசுக்கு மட்டும் எங்கேருந்து வருது? புகார் எழுதிக்குங்க!"

குரல் உடைந்துவிட்டது. மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்கிறேன் சார். விசாரிச்சு முடிக்கிறவரைக்கும் இவங்க பயணம் நிக்கும், பரவால்லியா?"

"நிக்கட்டும்!"

"பேரு? போன் நம்பர்?"

சொன்னார். கம்ப்யூட்டரில் தட்டிய ஷரீபுன்னிசா, திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், வெளிநாட்டுக்காரங்களுக்கு எடுத்த உடனே பிள்ளையைக் காட்ட மாட்டாங்க. மொதல்ல நம்ம நாட்டுல காத்திருக்கிறவங்களுக்குத்தான். இவளையும் ரெண்டு வருஷம் முன்னாடி, மூணு வயசுல, காட்டியிருக்கு. எல்லாரும் வேண்டாம்னு சொன்ன பிறகுதான் இவங்களுக்குப் போச்சு."

"இந்தத் தங்கத்தையா?"

"யோசிக்க நாப்பத்தெட்டு மணி நேரம் குடுப்போம். காது கேக்காதுன்னு படிச்ச உடனே, ஒருத்தர் அஞ்சே நிமிஷத்துல வேண்டாம்கிற பட்டனை அமுக்கியிருக்கார்."

"அஞ்சு நிமிஷத்துலயா! கத்திரிக்காய் வாங்கக்கூட அதுக்கு மேல ஆவுமே மேடம்! இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பிள்ளைங்க கடல் தாண்டிப் போவுது!" சிதம்பரநாதன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "யாரு அந்த மகாராசன்? பேரைச் சொல்லுங்க, பத்துக்கு இருபதுல பிளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல மாட்டுறேன்!"

ஷரீபுன்னிசா திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினார்.

"மத்தவங்க பேரைச் சொல்லக் கூடாது சார், சட்டம் இடம் தராது. உங்க பேரை உங்ககிட்ட சொல்லலாம்ல?"