பெட்ரோல் டேப்

ஆயில் கலக்காத பெட்ரோலை டேங்கில் ஊற்றி மூடியைத் திருகினாள்.

தெரிந்தேதான் செய்தாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து போக வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். முழு வேகத்தில் முறுக்கும்போது எஞ்சின் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நிற்கும். ஓட்டுகிற பிள்ளை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான்.

"ஆயில் கலந்துட்டியா கண்ணு?"

தலையாட்டினாள்.

சின்னப் பிள்ளைகளின் பைக் பந்தயத் திடல். அப்பா செம்மண்ணில் மண்டி போட்டு, தம்பி பிரணவுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் வரை அவளுக்குத்தான் அப்படி மண்டி போட்டார்.

வண்டியும் அவளுடையதுதான். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பெரிய வண்டி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். வண்டியில் ஒட்டியிருந்த ஏழாம் நம்பர்கூட அவளுடையது. அதை மட்டும் உரிக்கவில்லை. ஸ்டிக்கர் நன்றாக இருக்கிறதாம்.

இந்த வயதில் என்ன தைரியம் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. கொடி அசையும்வரை வீட்டு ஆள் ஒருவர் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா வீடியோ எடுக்க முதல் வளைவுக்கு ஓடிவிட்டார்.

அதனால் அவள் பிடித்திருந்தாள்.

வண்டிகள் உறுமின. தம்பி ஹெல்மெட்டைத் திருப்பினான்.

"அக்கா, அந்தப் பெரிய மேட்டுல எப்படிப் போறது?"

"எந்திரிச்சு நின்னுக்க. நல்லா முறுக்கு, பயந்துட்டு விட்றாத."

பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

கொடி உயர்ந்தது.

குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டாள். பெட்ரோல் டேப்பை மூடினாள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்ததும் வண்டி தானாக நின்றுவிடும்.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். எதற்கென்று கேட்க நேரமில்லை. கொடி அசைந்துவிட்டது.

மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமி நின்றது. மற்ற பிள்ளைகள் மண்ணை வாரியிறைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

அப்பா ஓடினார். பின்னாலேயே அவளும் ஓடினாள்.

"டேப்பை யாரு மூடுனது?"

பிரணவ் அக்காவைப் பார்த்தான்.

"நான்தான்ப்பா. தொறக்க மறந்துட்டேன்" என்றான்.

"போகுது விடு சாமி." அப்பா அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடற?"

இதே டேப்பை ஒரு முறை அவள் நிஜமாகவே மறந்திருக்கிறாள். வீடு வந்து சேரும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

இன்று அவள் செய்ததற்குக் கிடைத்த மன்னிப்பும் அவனுக்கே போனது. அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது. தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது. எரிவது நிற்கவில்லை.

அப்பா டேப்பைத் திறந்தார்.

"இன்னும் ரவுண்டு இருக்குது. கடைசியா வந்தாலும் முடிச்சுட்டு வா."

கிக்கரில் கால் வைத்தார்.

"அப்பா, ஸ்டார்ட் பண்ணாதீங்க."

கால் நின்றது.

"அதுல ஆயில் கலக்கல."

அப்பா டேங்கைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மறந்துட்டியா கண்ணு?"

கோபமே இல்லை அந்தக் குரலில். ஆமாம் என்று சொல்லிவிட அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தம்பி ஹெல்மெட்டை மேலும் கீழும் ஆட்டினான். சொல்லு, சொல்லு என்று.

"இல்லப்பா" என்றாள்.