பழுது நீக்கும் என்சைம்

டெஸ்ஸின் தலையில் அறுவைத் தையல் இன்னும் ஆறவில்லை. மாத்திரைக்கு நோய் கட்டுப்படுமா என்று சொல்லும் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தான். மருத்துவமனையிலிருந்து வந்த போனை அவன் மனைவி மரீன்தான் எடுத்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லு.”

“செல்லுக்குள்ள டி.என்.ஏ. சேதமானா சரிபண்ற என்சைம் ஒண்ணு இருக்காம். அது ரொம்ப நல்லா வேலை செய்யுதாம்.”

டெஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். “பாத்தியா! நியூகாசில்ல நசுங்கின காரையெல்லாம் நிமித்தினவன் நான். எனக்குள்ளயே ஒருத்தன் டிங்கரிங் பட்டறை போட்டிருக்கான்!”

உடனே தம்பி ராஸைப் போனில் கூப்பிட்டான். “டேய், உங்கண்ணன் சுலபத்துல போகமாட்டான். என் படகு மேல வச்ச கண்ணை எடுடா!”

மரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நல்ல சேதிக்கு ஏன் இப்படி மூஞ்சியை வச்சிருக்கே? வேற ஏதாவது சொன்னாரா?”

“மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கச் சொன்னாரு.”

பீர் கூடாதென்பதால் தண்ணீர்க் கோப்பையை அவளை நோக்கி உயர்த்திக் காட்டி, டெஸ், முன்பே வாங்கி வைத்திருந்த மாத்திரையை விழுங்கினான்.

மீதியை அவளால் சொல்ல முடியவில்லை. இதைவிட்டால் கொடுக்க வேறு மருந்தில்லை என்றிருந்தார் மருத்துவர். அவர்கள் சோதித்தது, டெஸ்ஸின் தலையிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியை. மாத்திரை அந்தப் புற்றின் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதத்தையெல்லாம், அந்த என்சைம் உடனுக்குடன் சரிசெய்துவிடும்.