வள்ளத்துக்குக் குறுக்கே

அவள் மீன்கூடையைக் கீழே வைத்தாள்.

வள்ளங்களை மறுபடியும் கடலுக்குத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் வள்ளம் அவள் கணவன் சிலுவைதாசனுடையது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் அதை மேட்டில் ஏற்றியவரும் அவர்தான். கோயில் ஒலிபெருக்கியில் மகளின் குரல் கேட்டதும் சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

மகள் பெனிலாவுக்கு நகரத்தில் வானிலை அலுவலகத்தில் வேலை. கடல் எச்சரிக்கை எதுவானாலும் தன் குரலிலேயே பேசி ஊருக்கு அனுப்புவாள். அறிக்கைத் தமிழில் அல்ல, ஊர்த் தமிழில்.

"கள்ளக்கடல் வருது. மத்தியானத்துக்குள்ள கரையேறும். வள்ளத்த மேட்டுல ஏத்துங்க. யாரும் கடலுக்குப் போவாதிய."

காற்றும் மழையும் இல்லாமல், தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஊருக்குள் ஏறும். அதுதான் கள்ளக்கடல்.

கரை முழுக்க வள்ளங்கள் மேலே ஏறின. அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. சிலுவைதாசனோ கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "எனக்க மவ, எனக்க மவ" என்று சொல்லித் தீர்த்தார்.

மத்தியானம் வந்தது. கள்ளக்கடல் வரவில்லை.

கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

ஆண்களின் வாய் சும்மா இருக்குமா? காற்றையும் வானத்தையும் பார்த்தே கடலுக்குப் போய்ப் பழகியவர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து கடல் பார்க்கிற பெண்ணைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். சிலுவைதாசன் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அவரும் சிரித்தார்.

"அது அவளுக்க மவ," என்று மனைவியின் பக்கம் கையைக் காட்டினார்.

வள்ளத்தில் தோளைக் கொடுத்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மகள் சொன்னது பொய்த்துப்போனால் போகட்டும். ஒருநாள் கேலி. ஆனால் இவர்கள் இறங்குகிற நேரம் பார்த்து அலை வந்தால்?

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குத் தள்ளும் வள்ளத்தின் முன்னால் பெண் குறுக்கே போகக் கூடாது. போய்விட்டால் அன்றைக்கு அந்த வள்ளத்தை எந்தக் கொம்பனும் இறக்க மாட்டான். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவளும் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள். மனதுக்குள் திட்டிக்கொண்டே.

மேட்டிலிருந்து இறங்கி நடந்தாள்.

சிலுவைதாசனின் வள்ளத்துக்கு முன்னால், அவசரமே இல்லாமல், குறுக்கே போனாள்.

வள்ளம் நின்றது.

"ஒனக்கென்ன கிறுக்கா?"

"படிச்ச மவ சொன்னா கேக்க மாட்டிய. நான் குறுக்க வந்தா நிப்பிய இல்லியா? நில்லுங்க."

அடுத்த வள்ளம்.

அதற்கடுத்தது.

ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன் அவள் குடும்பத்தையே இழுத்துப் பேசினான். "எக்கா, வேண்டாம்க்கா," என்று மேட்டிலிருந்து பக்கத்து வீட்டு எஸ்கலின் கெஞ்சினாள்.

அவள் தலையைத் தாழ்த்தவில்லை. கடைசி வள்ளம்வரை நடந்தாள்.

திட்டிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அவளைத் தாண்டிக் கடலைப் பார்த்தார்கள்.

காற்றில்லை. இரைச்சல்கூட இல்லை.

பாதம் நனைந்தது. எந்நாளும் அலை வந்து தொடாத மணலில்தான் நின்றிருந்தாள்.

பிறகு கணுக்கால்.

பிறகு முழங்கால்.

வள்ளங்கள் மறுபடி நகர்ந்தன. மேட்டை நோக்கி. யார் வள்ளம் யார் தள்ளுவது என்ற கணக்கெல்லாம் இல்லை. கிடைத்த இடத்தில் ஆள்கள் கைவைத்தார்கள்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரைக் கிழித்து வந்தாள். சிலுவைதாசன் இடுப்பளவு நீரில் தள்ளாடிக்கொண்டிருந்தார். வள்ளம் அசைய மறுத்தது.

"அவ யாருக்க மவன்னு சொன்னிய?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு தோளுக்கு இடம் விட்டார்.