எல்லைக்கல்லுக்கு அடியில்

மண்வெட்டி விலாவில் இறங்கியதும் ஒக்தாவ் எல்லைக்கல்லின் மேலேயே சரிந்தான். வாயெல்லாம் ரத்தம். கஸ்பாருக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

"கல்ல நகத்தி வச்சிட்டு என் நெலத்துலயாடா அறுக்கற?"

பிரான்சின் அந்தக் கடைக்கோடிக் கிராமத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்த கையகல நிலத்துக்காக இரண்டு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தன. கஸ்பாரின் பங்கு வருஷாவருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் திருடாமல் மண் எப்படிச் சுருங்கும்?

"தோண்டிப் பாரு," என்றான் ஒக்தாவ்.

அங்கே எல்லைக்கல் நடும்போது கூரை ஓடு ஒன்றை இரண்டாக உடைத்து அடியில் புதைப்பது வழக்கம். கல் நகர்ந்திருந்தால் அதன் அடியில் வெறும் மண்தான் இருக்கும்.

கஸ்பார் அவனைக் காலால் புரட்டித் தள்ளினான். கல்லைப் பெயர்த்துவிட்டு வெறியோடு தோண்டினான். இரண்டு துண்டுகள் கிடைத்தன. சட்டையில் துடைத்து விளிம்போடு விளிம்பு வைத்தான். மயிரிழை பிசகாமல் சேர்ந்தன.

பின்னால் பொத்தென்று சத்தம். திரும்பினான். அவனுடைய வயலின் மறுகோடியில் கரை இடிந்து, விளைந்த கோதுமையோடு ஒரு பாளம் மண் ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பொருந்துதா?" ஒக்தாவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

கஸ்பார் துண்டுகளை ஆற்றைப் பார்த்து வீசினான்.

"இல்ல," என்றபடி மண்வெட்டியை மறுபடி எடுத்தான்.