வலது இடுப்பில் ஒரு சாவி

"என்னய்யா, படத்தைத் திருப்பிப் போட்டு வச்சிருக்கீங்க! வலப்பக்கம் இருக்க வேண்டிய கல்லீரல் இடப்பக்கம் நிக்குது. சீக்கிரம் சரி பண்ணுங்க, நான் ஆபரேஷனுக்குப் போகணும்."

போன மாதம்தான் வேலையில் சேர்ந்த சர்ஜன் கத்தினார்.

"படம் சரியாத்தான் இருக்கு டாக்டர்," என்றார் ஸ்கேன்காரர்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். இடியே விழுந்தாலும் பட்டனை மெதுவாகத்தான் அமுக்குவார். இன்றைக்கு அந்த மனிதருக்கே இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினாறு வயதுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. எந்த நிமிஷமும் வெடிக்கும். வலப்பக்கம் திறக்கப் போறேன்."

"அங்கே ஒண்ணும் இருக்காது டாக்டர். இந்தப் பொண்ணுக்கு உள்ளே எல்லாமே பக்கம் மாறி இருக்கு."

"பல்லாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வர்றது, சரியா இங்கே வந்து படுத்திருக்காக்கும்!"

ஸ்கேன்காரர் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "இதை உங்க கையாலேயே அவ வலது இடுப்புல ஒட்டுங்க. இன்னொரு படம் எடுக்கறேன். ரெண்டே நிமிஷம். நான் சொல்றது தப்புன்னா என் வேலையைப் பறிச்சுடுங்க."

சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். இயந்திரம் உறுமியது.

திரையில் சாவி வெள்ளையாக ஒரு பக்கம் தெரிந்தது. கல்லீரல் மறுபக்கம் இருந்தது. சர்ஜன் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்.

ஒன்றரை மணி நேரம். ஸ்கேன்காரர் அந்த நடையை எத்தனை தடவை அளந்தாரோ, வாங்கி வைத்த காபி ஆறிப்போனது.

வெளியே வந்த சர்ஜன் அவர் தோளில் தட்டினார். "பொழச்சுட்டா. இடப்பக்கம்தான் இருந்தது. எப்படிய்யா அவ்வளவு பிடிவாதமா நின்னீங்க?"

ஸ்கேன்காரர் பதில் சொல்வதற்குள், இதைக் கேட்ட பெண்ணின் அம்மா ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் மூத்த பையனும் ரெண்டு வருஷம் முன்னால இதே வலியோட இங்கேதான் வந்தான். வலப்பக்கம் கிழிச்சுப் பார்த்து, ஒண்ணுமில்லைன்னு தைச்சுட்டாங்க. மூணாம் நாள் போயிட்டான். அன்னைக்கும் உங்களை மாதிரி ஒருத்தர் இங்கே இருந்திருந்தா..."

அன்றைக்கும் இங்கே இருந்தவர் அவர்தான். கல்லீரல் இடப்பக்கம் தெரிகிறதே, நம் கைப்பிழைதான் போலிருக்கிறது என்று, யாரும் சொல்லாமலே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு அனுப்பியவரும் அவர்தான்.