உம்மணாமூஞ்சியின் எண்

நாய்க் காப்பகத்தின் ஈரத்தரையில் வெயில் கம்பி கம்பியாக விழுந்திருக்கிறது. நாய்களின் தோலுக்கடியில் பொருத்திய அடையாளச் சிப்பின் எண்ணை இனி இடைவெளியே விடாமல் எழுத வேண்டும் என்று கணினிக்குப் புது விதி போடுகிறாள் பதிவுக்காரி. பழைய எண்களின் இலக்கங்களும் சடசடவென்று ஒட்டிக்கொள்கின்றன. திடீரென்று திரையில் ஒரு சிவப்புக் கட்டம். நாயைத் தொலைத்த யாரோ ‘காணோம்’ புகாரில் இடைவெளி விட்டு எழுதிய எண்ணும், காப்பகம் ‘கிடைத்தது’ பதிவில் சேர்த்து எழுதிய எண்ணும் ஒன்றேதான். இத்தனை நாளும் கணினிக்கு அவை வேறு வேறு. “அண்ணே, ஓடி வாங்க! நம்ம உம்மணாமூஞ்சிக்கு வீடு இருக்கு!” கூண்டு கழுவுகிறவர் தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு ஓடி வருகிறார். அவள் புகாரிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்து, கைபேசியை உம்மணாமூஞ்சியின் கூண்டருகே நீட்டுகிறாள். “ஹலோ, யாருங்க?” என்கிறது ஒரு பெரியவரின் குரல். மாதக்கணக்காகச் சுவரையே பார்த்துக் கிடந்த நாய் விருட்டென்று எழுகிறது. யாரென்று அவள் சொல்லத் தேவையே இல்லை. கூண்டு அதிர அதுவே குரைத்துச் சொல்லிவிடுகிறது.